நிற்கும்போதே சூடேறும் வண்டி

ஏழாம் மைல் பஜாரில், அமலோற்பவத்தின் வீட்டையொட்டிய தகர ஷெட்டில், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. பாசிப்பச்சை நிறம். அது யாரும் ஓட்டாமலேயே சூடாகத் தொடங்கியது அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் இறந்த அன்றல்ல. அன்றாக இருந்திருந்தால் பஜாருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது கிடைத்திருக்கும். அவர் இறந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் வந்து போய், மலையில் மழைக்காலங்கள் சில கழிந்து, அவளே அவரை நினைக்காமல் சில நாட்களைக் கடக்கத் தொடங்கியிருந்தபோது, ஒன்றுக்கும் உதவாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஷெட்டுக்கு விறகு எடுக்கப் போனவள் வழக்கம்போல பானட்டில் கையை ஊன்றினாள், ஊன்றிய கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்து, நிறுத்தி அரைமணி நேரமான வண்டியின் பானட் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனால் அந்த வண்டியின் இன்ஜின் ஸ்தனிஸ்லாஸ் இருந்தபோதே இறுகிப்போனது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கட்டை விறகை எடுத்துக்கொண்டு, போய் உலை வைத்தாள்.

அந்தக் கார் ஸ்தனிஸ்லாசுக்குச் சம்பளமாக வந்தது. எஸ்டேட் முதலாளி ஒருவர் மலைப்பாதைகளில் பந்தயம் ஓட்டுவதற்காக அதை வைத்திருந்தார். பல வருஷம் அதைப் பழுதுபார்த்த மெக்கானிக் ஸ்தனிஸ்லாசுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்ச் சேர்ந்தார். ஸ்தனிஸ்லாஸ் அதை ஒருநாள் ஓட்டிவிடலாம் என்று நம்பியிருந்தார். தூத்துக்குடிக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு, கூரையை மடித்துவிட்டு, காற்று முகத்தில் அடிக்க அடிக்கப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை.

சூட்டை முதலில் கண்டுகொண்டது பஜாரின் பூனைகள். பூனைகளைத் தேடி வந்த தேயிலை பறிக்கும் ராமாயி, பானட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் போட்டிருந்த ஈரக் கம்பளியை அதன்மேல் விரித்தாள். "அக்கா, ஒங்க வண்டிக்குக் காய்ச்சல்" என்றாள். கம்பளி காய்ந்ததும் எடுத்துப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த மலையில் மழை பிடித்தால் துணி வாரக்கணக்கில் காயாது, இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது, பேக்கரிக்காரர் குஞ்ஞாலியின் ரொட்டி செங்கல்போல அடுப்பிலிருந்து வரும். ஆகவே யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் யாரிடமும் கேட்கவில்லை, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் காருக்கு ஒரு ஒழுங்குமுறை வந்துவிட்டது. விடிவதற்கு முன் குஞ்ஞாலியின் மாவுத் தட்டுகள் பானட்டின்மேல். அவை எழும்பியதும் வீட்டு மாவுச் சட்டிகள், அவரவர்க்கு உரிய இடத்தில். அதன் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடையும் காலுறையும். நடுப்பகலில், இடது மட்கார்டில் முழங்காலைச் சாய்த்து நிற்கும் வயசாளிகள். பஜாரில் குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன் கம்பளியில் சுற்றி ஒரு நாழிகை பானட்டின்மேல் கிடத்தினார்கள். அதற்குப் பானட்டுக்குப் போடுதல் என்று பேராயிற்று, அதற்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதும் வழக்கமாயிற்று. பொய் சொன்னதாகச் சந்தேகம் வந்தால் பானட்டில் கை வைத்துச் சொல்லச் சொன்னார்கள். செருப்போடு ஷெட்டுக்குள் நுழைவது நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சீட்டில் மட்டும் யாரும் எதையும் வைக்கவில்லை, ஏன் என்று யாரும் சொன்னதுமில்லை.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். தீர்த்தம் வெதுவெதுப்பாக வழிந்து கீழே சொட்டியது, வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் அவரே காயாத பூசை அங்கிகளைக் கொடுத்தனுப்பினார். ஒரு கல்லூரி ஆசிரியர் தெர்மாமீட்டரோடு வந்து, வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பஜாரில் யாருக்கும் ஆக வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

அமலோற்பவம் இருட்டோடு எழுந்து கேட்டைத் திறந்தாள். பொங்கி வழியப் பார்க்கும் சட்டிகளை நகர்த்தினாள். காலுறைகளைத் திருப்பிப் போட்டாள். பிள்ளைகளின் முதுகைத் தொட்டுப் பார்த்து, போதும், எடுங்கள் என்றாள். ராத்திரி கடைசி ஆள் போன பிறகு கேட்டைச் சாத்தினாள். அவளுடைய அம்மா இறந்தபோது சாவியைத் தேயிலைத் தோட்டக்காரர் பெள்ளியிடம் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடி போனாள். திரும்பி வந்தபோது வலது மட்கார்டு யாருக்கு என்று சண்டை வந்து சட்டிகள் உடைந்து, இரண்டு குடும்பங்கள் பேச்சை விட்டிருந்தன. அவளைப் பார்த்ததும் எல்லாரும் அழுதார்கள். "இனி எங்கயும் போவாதீங்க அக்கா" என்றார் பெள்ளி. அன்பாகத்தான் சொன்னார். அவள் அதன் பிறகு மலையை விட்டு இறங்கவில்லை.

அவளுக்கு ஒரு தங்கை. பிலோமினா. கல்யாணம் செய்துகொள்ளாமல் கான்வென்டில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், அம்மாவின் வீட்டில் தனியாக இருந்தாள். இருமல்காரி, மலைக் குளிரில் ஒரு ராத்திரி தாங்கமாட்டாள். அந்தப் பிலோமினாவின் பார்வை ஓரங்களிலிருந்து மங்கிக்கொண்டே வந்து, இப்போது சாவித் துவாரத்தின் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம் இருந்தது. அதுவும் இந்த வருஷத்தோடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எக்கா, வாறதுன்னா இப்ப வா" என்றாள் பிலோமினா போனில். "கொஞ்சம் முகத்தப் பாத்துக்கிடுதேன். பெறகு வந்தா எனக்கு நீ வெறும் குரல்தான். பக்கத்து வீட்டையும் விக்காங்க. நீ அங்க இருந்தா நான் சுவத்தத் தட்டிக் கூப்பிடலாம்."

"இந்த மழ முடியட்டும்."

"போன மழைக்கும் இதத்தான் சொன்ன."

அன்று மாலை அமலோற்பவம் கணவரின் பழைய நண்பர் ஒருவரைப் பிடித்து, கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சேர்த்து வைக்கும் மில் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினாள். ஓடாத வண்டி, இன்ஜின் இறுகியது, ஆனால் எல்லாம் அசல் என்று உள்ளதைச் சொன்னாள். சூட்டைச் சொல்லவில்லை, மறைக்க நினைத்தல்ல, கூரை ஒழுகவில்லை என்பதை யாரும் தனியாகச் சொல்வதில்லை அல்லவா, அப்படி. தனக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் வந்து பார்ப்பார், அவர் எழுதுகிற விலையைப் பேரம் பேசாமல் தருகிறேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று முதலாளி சொல்லியனுப்பினார். பிலோமினாவின் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட தொகை அமலோற்பவத்துக்குத் தெரியும். அந்த அளவுக்கு விலை வந்தால் போகலாம். வராவிட்டால் இல்லை.

விலை எழுதும் தெய்வசிகாமணி கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். நெட்டையானவர், கையில் ஒரு ரெக்ஸின் பை, காலையிலேயே துடைத்து வைத்த மாதிரி முகம். ஷெட்டுக்குள் வந்தவர் காரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையைப் பானட்டில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஏனுங்கம்மா, ஓடாத வண்டின்னுதான சொன்னாங்க?"

"ஓடாதுங்க."

"இப்பத்தான் ஓட்டி நிறுத்தியிருக்கீங்க."

"இல்லைங்க. அது அப்படித்தான் இருக்கும்."

அவர் குழம்பிப்போனார். ஓடாத வண்டியை ஓடுகிறது என்று பொய் சொல்லி விற்கிறவர்களை அவர் ஆயிரம் பார்த்திருந்தார். ஓடுகிற வண்டியை ஓடாது என்று பொய் சொல்லி விற்கிற ஒருவரையும் பார்த்ததில்லை. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றிப் பார்த்தார், மயிரிழைகூட அசையவில்லை. படுத்து அடியில் பார்த்தார், கரியடுப்பு ஏதும் இல்லை, ஒரு பூனை இருந்தது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"நான் விலை எழுதறதே கையிலதானுங்க. விடியக்காலத்துல, குளுருல, உள்ளங்கைய வெச்சுத் தடவிட்டே போவேன். தகரம் சில்லுனு இருக்கும், பட்டி போட்டு அடைச்ச எடம் அந்தளவுக்கு இருக்காது. எங்க இடிச்சது, எங்க துருப்புடிச்சது, எங்க ஏமாத்துனது எல்லாம் கை சொல்லீரும். இது மொத்தமும் சூடா இருந்தா நான் எதைங்க தடவறது? ஆறட்டும். ஆறின வண்டிக்குத்தான் விலை."

குஞ்ஞாலியின் பேக்கரிக்கு மேலிருந்த அறையில் தங்கிக்கொண்டார். மறுநாள், மலையின் மிகக் குளிர்ந்த நேரம் எது என்று விசாரித்து, அந்த நேரத்துக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். பானட்டின்மேல் மாவுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. "சாரே, பதுக்கெத் தொடணும். மாவு அமுங்கிப் போகும்" என்றார் குஞ்ஞாலி. அதற்கடுத்த நாளும் வந்தார். பொங்கிய மாவுச் சட்டியொன்று அவர் பையில் வழிந்தது.

ஆறினால்தான் விலை என்று தெரிந்ததும் பஜாருக்கு நிம்மதியாயிற்று. ஆறப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அமலோற்பவம் மட்டும், வாழ்க்கையில் முதல்முறையாக, அது குளிர வேண்டும் என்று விரும்பினாள். கிணற்றுத் தண்ணீரில் சாக்குகளை நனைத்துக் கொண்டுவந்து காரின்மேல் போர்த்தினாள். சாக்குகளிலிருந்து ஆவி எழுந்து ஷெட் முழுக்கப் பரவியது. ராமாயி அதைப் பார்த்துவிட்டு, சாக்கும் காயப்போடலாம் என்று இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று, தன் வீட்டுச் சாக்குகளையும் அலசிக்கொண்டு வந்தாள். மாலைக்குள் பஜாரின் அத்தனை சாக்குகளும் அங்கே காய்ந்தன.

பிறகு ஒரு காலை தெய்வசிகாமணி மப்ளரைக் கழற்றினார். "இது ஆறாதுங்க" என்றார். தோற்றவர்போல் சொல்லவில்லை, மழை விடாது என்று சொல்கிறவர்போல் சொன்னார். "கை வேண்டாம். காந்தத்தை வெச்சுப் பாத்தர்றேன்."

நிம்மதி போயிற்று. அன்று மாலை பேக்கரியில் பஜார் கூடிப் பேசியது. விலையை ஏற்றி எழுதச் சொன்னால் வாங்குகிறவன் ஓடிவிடுவான் என்றார் குஞ்ஞாலி. அவன் மில் முதலாளி, ஓடமாட்டான், எவ்வளவு ஏற்றினாலும் கொடுத்துவிட்டுப் போவான் என்றார் பெள்ளி. குறைத்து எழுதச் சொல்ல வேண்டும், அக்காவுக்குத் தூத்துக்குடி வீட்டுக்குப் பற்றாத அளவுக்குக் குறைக்க வேண்டும், அப்புறம் அக்கா விற்கமாட்டார். பெள்ளி சொன்னதுதான் நின்றது. தேயிலைத்தூள் பொட்டலம் ஒன்றோடு பெள்ளி மாடியேறிப் போனார்.

"சார், தோட்டத்துத் தூள். நம்ம வண்டி அப்படி ஒண்ணும் ஒசத்தி இல்ல, பாத்திருப்பீங்க. பழசு. ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாது. கூரை துணி. எலி கடிச்சிருக்கு. கொறச்சே போடுங்க."

"உங்க வண்டிங்களா?"

"எங்க வண்டிதான். அக்காவோடது."

தெய்வசிகாமணி பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பகல் முழுக்க அவர் வேலை செய்தார். துணியில் சுற்றிய காந்தத்தைத் தகரத்தில் வைத்து வைத்து எடுத்தார். சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் தேய்த்துத் துடைத்துப் படித்தார். ஸ்போக் சக்கரங்களை ஒவ்வொரு கம்பியாகச் சுண்டி அதன் ஓசையைக் கேட்டார். அமலோற்பவம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் எங்கெல்லாம் தடவிக்கொண்டிருப்பாரோ அங்கெல்லாம் இந்த மனிதரும் தடவினார். அவளுக்கு அது பிடித்திருந்ததா பிடிக்கவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். மழை நின்றிருந்தது. பஜாரில் வேலை முடிந்தவர்கள் ஒவ்வொருவராக ஷெட்டுக்குள் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, சுவரோரமாக நின்றார்கள்.

"வாசிச்சே சொல்லீருங்க சார்" என்றார் பெள்ளி. "எங்களுக்கும் தெரியணுமில்ல."

தெய்வசிகாமணி அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் வாசித்தார். உடம்பு அசல் தகரம், பட்டி இல்லை, ஒரே ஒரு இடத்தில் தவிர. எண்கள் பொருந்துகின்றன. பெயின்ட் பழையது, அசல். இன்ஜின் இறுகியது, அதற்குக் கழிவு. கூரைத் துணி எலி கடித்தது, அதற்குக் கழிவு. அப்புறம் அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு வாசித்தார். "நிற்கும்போதே சூடேறும் கோளாறு. காரணம் தெரியவில்லை. அதற்குக் கழிவு, நூற்றுக்கு நாற்பது."

கடைசியில் விலையைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அமலோற்பவம் கையிலிருந்த முந்தானையை மடித்துக்கொண்டாள், மறுபடி பிரித்தாள். பிலோமினாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். மழை முடியட்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு வாக்கியம் இருக்கவில்லை.

பஜார் வெற்றி பெற்றிருந்தது. பெள்ளி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ யாரையோ முழங்கையால் இடித்தார்கள். அப்படியே எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் குஞ்ஞாலி போகவில்லை.

"சாரே" என்றார். "கோளாறு என்னு சொல்லிச்சே, அது எது?"

"சூடுங்க."

"சூடு கோளாறா?"

"நிக்கற வண்டி சூடாகக் கூடாதுங்களே. எங்கயோ என்னமோ சரியில்லைன்னுதான அர்த்தம்."

குஞ்ஞாலி தன் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். "ஞான் இருபது வருஷமாயிட்டு ரொட்டி போடறேன். ஜூன் மாசம் இந்த மலையில மாவு பொங்குமா? வேற எவன்கிட்டயாவது கேட்டு நோக்கு. எண்ட ரொட்டிய வாங்க ஊட்டியில இருந்து ஆளு வருது. அந்தச் சூடு கோளாறா? கழிவா?"

"குஞ்ஞாலி, விடுங்க" என்றார் பெள்ளி மெதுவாக.

"எதுக்கு விடணும்?" ராமாயி முன்னால் வந்தாள். "எம் மக நாள் ஆகறதுக்கு முன்னாடியே பொறந்தவ. கோழிக்குஞ்சு கணக்கா கைக்குள்ள கெடந்தா. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, ஆஸ்பத்திரிக்கு வழி இல்ல. வழி தொறக்கற வரைக்கும் இந்தப் பானட்டுலதான் அவ மூச்ச வெச்சிருந்தோம். இன்னைக்கு ஸ்கூல் டீமுல கபடி ஆடறா. பாடி வந்தவளப் புடிச்சு எறக்க நாலு பேர் வேணும். கோளாறாம்ல! எழுதறதுக்குக் கை எப்படி வந்துச்சு இவருக்கு?"

"இவரப் புடிச்சு எறக்க நாலு பேர் வேணாம், அவ ஒருத்தி போதும்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரித்தார்கள். சிரிப்பில் கோபம் இருந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. முழங்கால், காலுறை, சாமியாரின் அங்கி, ஒரு வெள்ளத்தில் நனைந்த நோட்டுப் புத்தகத்தைத் தாள்தாளாகக் காயவைத்துப் பரீட்சைக்குப் போன பிள்ளை, பானட்டில் கை வைத்ததும் உண்மையைச் சொல்லிவிட்டுக் கையை எடுக்கமுடியாமல் அழுத திருடன். எல்லாரும் ஒரே நேரத்தில் தெய்வசிகாமணியிடம் சொன்னார்கள். அவர் பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெள்ளி மட்டும் சுவரோரமாக நின்று, வேண்டாம், வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. அப்புறம் அவரும் சுவரை விட்டு வந்தார்.

"நானும் எந் தம்பியும் எல்லைத் தகராறுல பேச்ச விட்டவங்க சார்" என்றார். "எங்கப்பா சாவுக்கு ரெண்டு பேரும் ரெண்டு வழியா வந்தோம். கடேசில இந்தப் பானட்டுல ஆளுக்கொரு கை வெச்சு நின்னோம். என்ன பேசறதுன்னு தெரியல. கை சுடுதுன்னான். ஆமான்னேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் பேசிட்டோம்." அவர் குரல் உயர்ந்தது. "அதுக்கு எவ்வளவு கழிவு போட்டிருக்கீங்க? சொல்லுங்க. கொறச்சுப் போடுன்னு நாந்தான் உங்களுக்குத் தூள் கொண்டாந்து கொடுத்தேன். கொறங்க. எலி கடிச்சதுக்குக் கொறங்க. இதுக்குக் கொறைக்க நீங்க யாரு?"

அமலோற்பவம் வாசற்படியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு காலையிலும் கேட்டைத் திறந்தது அவள். ராமாயியின் மகளை ராத்திரி முழுக்கப் புரட்டிப் புரட்டிப் போட்டது அவள். அந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது அவள். அண்ணன் தம்பிகளை ஆளுக்கொரு பக்கம் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள்தான். அவர்கள் சொன்னதில் எங்கேயும் அவள் இருக்கவில்லை. முதலில் அது நெஞ்சில் குத்தியது. குத்திய இடத்தில் வலிக்கும் என்று காத்திருந்தாள், வலிக்கவில்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நெடுநாள் இடுப்பில் இருந்த குழந்தை தானாக இறங்கி ஓடிப்போனதுபோல் இருந்தது. இவர்கள் நன்றாகவே இருப்பார்கள் என்று நினைத்தாள்.

தெய்வசிகாமணி கையை உயர்த்தினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது.

"நீங்க சொல்றது எதுக்கும் என் தாளுல எடம் இல்லீங்க" என்றார். "கோயமுத்தூர்ல இந்த வண்டிய நிறுத்துனா சூடா இருக்கறது யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்த வெயில்ல எல்லா வண்டியும் சூடுதான்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். எழுதியதை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு கோளாறு என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். "ஒரு எடம் இருக்குது" என்றார். "இந்த வண்டி குளுரு தேசத்துல செஞ்சது. அந்தக் காலத்துல இதுக்கு ஹீட்டர் வேணும்னா தனியாக் காசு கட்டிப் போடணும். போட்டு வந்த வண்டி ரொம்பக் கம்மி, வேலை செய்யறது அதைவிடக் கம்மி." கூடுதல் சாதனங்கள் என்ற தலைப்புக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஹீட்டர். உண்டு. நல்ல நிலையில் உள்ளது."

"மிகவும் நல்ல நிலையில்" என்றார் பெள்ளி.

"மிகவும்" என்று சேர்த்தார்.

கழிவு போய், கூடுதல் சேர்ந்து, புதிய விலை பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட தொகையைத் தொட்டது. அவர் வாசித்ததும் ஷெட்டில் கைதட்டல் எழுந்தது. குஞ்ஞாலி பெள்ளியைக் கட்டிக்கொண்டார். ராமாயி, அது, அப்படிச் சொல்லுங்க என்றாள். கைதட்டல் கொஞ்ச நேரம் நீடித்தது, பிறகு முன்னால் நின்றவர்களிடம் குறைந்தது, பிறகு பின்னால் நின்றவர்களிடம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே ஓடையில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது.

தெய்வசிகாமணி தாளை அமலோற்பவத்திடம் நீட்டினார். "ஏனுங்கம்மா, இது சரியா இருக்குங்களா? நீங்க ஏதாச்சும் சேக்கணுமா?"

"சேக்க ஒண்ணும் இல்லைங்க" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கையெழுத்து எங்க போடணும்?"

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர்களே சொல்லிக் கேட்டு, அவர்களே ஏற்றி எழுதவைத்த விலை. அதை இனி அதிகம் என்று சொல்ல அவர்களால் ஆகாது, குறைவு என்று சொல்லவும் மனமில்லை. கடைசியில் பெள்ளிதான் தொண்டையைச் செருமினார்.

"லாரியில ஏத்தறப்ப சங்கிலி போடக் கூடாது, பெயின்ட் போயிரும்" என்றார். "நம்ம கயிறு இருக்கு. தேயிலை மூட்டைக்குக் கட்டறது."

"அடியில வைக்கோல் வெக்கணும்" என்றார் குஞ்ஞாலி.

அந்த வாரம் லாரி வந்தது. வைக்கோலும் கயிறும் அவர்களே கொண்டுவந்தார்கள், அவர்களே ஏற்றினார்கள், டிரைவரைத் தொடவிடவில்லை. லாரி வளைவில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, அவரவர் வேலைக்குப் போனார்கள். அமலோற்பவம் வீட்டைக் காலி செய்து சாவியை ராமாயியிடம் கொடுத்தாள். "அடுத்த மழைக்கு முன்னாடி ஒடஞ்ச ஓடுகள மாத்திரு" என்றாள். ராமாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பஸ்ஸுல முன்னாடி சீட்டுல உக்காருங்க, பின்னாடி தூக்கிப் போடும்" என்றாள்.

பஜார் அந்தச் சூட்டை ஏற்றுக்கொண்டதுபோலவே அது இல்லாமல் போனதையும் ஏற்றுக்கொண்டது. குஞ்ஞாலி ஒரு ஹீட்டர் வாங்கினார். கரண்டுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ரொட்டியைக் கொஞ்சம் சிறிதாக்கினார். மாவு ஒருநாள் தாமதமாகப் பொங்கியது, ஆகவே ஒருநாள் முன்னால் அரைத்தார்கள். ஆகஸ்டில் பிறந்த குழந்தையைப் பேக்கரி அடுப்புத் திண்டின்மேல் ஒரு நாழிகை கிடத்தினார்கள், சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், அதற்குப் பேர் இன்னும் பானட்டுக்குப் போடுதல்தான். இதையெல்லாம் பின்னாளில் ராமாயி போனில் சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து எந்தப் புகாரும் வரவில்லை.

அமலோற்பவம் தூத்துக்குடியில் இறங்கியபோது நல்ல பகல். ஆட்டோவின் சத்தம் கேட்டு, பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் நடைக்கு வந்துவிட்டாள். கட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டித் தடுத்தாள்.

"எக்கா, அங்கனயே நில்லு. இல்ல, ஜன்னல் பக்கம் வா. வெளிச்சத்துல."

அமலோற்பவம் பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். பிலோமினா மிக அருகில் வந்தாள். அவளுக்கு முழு முகமும் ஒரேயடியாகத் தெரியாது. நெற்றியைப் பார்த்தாள், அப்புறம் ஒரு கண், அப்புறம் மற்றது, ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று பார்த்தாள்.

"இது என்ன தழும்பு?"

"ஷெட்டுக் கேட்டு இடிச்சுது."

"எப்ப?"

"அது ஆச்சு, எவ்வளவோ வருசம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே. வாயத் தொற. பல்லு ஒண்ணு போயிருக்கு."

"ரெண்டு."

"கன்னம் அம்மாவுக்கு உள்ளது மாதிரி ஆயிட்டு உனக்கு. தெரியுமா?"

"கண்ணாடி பாக்க எங்க நேரம்."

பிலோமினா அவள் தாடையைத் தொட்டு, முகத்தை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் திருப்பினாள். உள்ளே அடுப்பில் பால் பொங்கி, தீயில் வழியும் சத்தம் கேட்டது.

"பால்" என்றாள் அமலோற்பவம்.

"வழியட்டும்" என்றாள் பிலோமினா. "அந்தப் பக்கம் இன்னும் பாக்கல. திரும்பு."